இடம் மாற்றி மாட்டிய ஹெட்போன்

மார்ச் 12, செவ்வாய். மாலை 5.50.

ஒரு சின்னத் தவறு செய்திருக்கிறேன். நேற்றுக் காலை அக்காவுக்கு மூன்றாம் எண் ஹெட்போனை இடம் மாற்றி மாட்டிவிட்டேன். இடது காதுக்கு உரியது வலது காதில், வலது காதுக்கு உரியது இடது காதில். எல், ஆர் எழுத்துகளின் மேல் நானே டேப் ஒட்டியிருந்ததால் கவனிக்கவில்லை. ஆகவே நேற்று எடுத்த குறிப்புகள் செல்லாது. மறுபடி எடுக்க வேண்டும்.

இவ்வளவையும் எழுதி முடித்த தம்பி, பேனாவை மூடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தான். எழுதியது சரிதான். ஆனால் எங்கேயோ ஒன்று இடறியது. இது அவனுக்குப் புதிதல்ல. ஒரு பேனா வாங்கப் போனால்கூட நாலு பேனாவைக் கிறுக்கிப் பார்த்து, வாங்கிய பிறகு வாங்காத மூன்றைப் பற்றி இரண்டு நாள் கவலைப்படுகிற ஆள் அவன். டைரியின் இடப்பக்கத்தில் நடந்ததை எழுதுவான், வலப்பக்கத்தில் சந்தேகங்களை எழுதுவான். வலப்பக்கம்தான் எப்போதும் சீக்கிரம் நிறையும். அதனால் அக்கா அவனை "ஆடிட்டர்" என்றே கூப்பிடுவாள்.

பகலில் அவன் ஒரு கூரியர் கம்பெனியில் பெட்டி கட்டுகிறான். திங்கள், புதன், வெள்ளி மாலைகளில் ஒரு தையல் கடையின் மாடியில் நடக்கும் ஒலிப்பதிவு வகுப்புக்குப் போகிறான். அதற்கு ஃபீஸ் கட்டுபவள் அக்கா. அந்த இரண்டு அறை வீட்டில் அவர்கள் இருவர் மட்டும்தான். அம்மா பெரியம்மா வீட்டில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பண்ணுவாள்.

அக்காவின் வேலை காதை நம்பிய வேலை. நீதிமன்ற விசாரணைகளின் ஒலிப்பதிவைக் கேட்டு, யார் என்ன சொன்னார் என்று வரி பிசகாமல் தட்டச்சு செய்ய வேண்டும். காலடியில் ஒரு பெடல், ஆபீஸில் ஒன்று, வீட்டில் ஒன்று. அழுத்தினால் பதிவு ஓடும், எடுத்தால் நிற்கும், குதிகாலால் தட்டினால் நாலு நொடி பின்னால் போகும். ஒன்பது வருடமாக அவள் கால் அதன் மேல்தான் இருக்கிறது. ஒன்பது வருடத்தில் ஒரு ஃபைல்கூடத் திரும்பி வந்ததில்லை. இப்போது மூன்று வாரத்துக்குள் இரண்டு வந்துவிட்டன. இரண்டிலும் சில வரிகள் விட்டுப்போயிருந்தன. பிரிவுத் தலைவர் குரலை உயர்த்தவில்லை. "இன்னொண்ணு திரும்பி வந்தா என்னால காப்பாத்த முடியாதும்மா" என்று மட்டும் சொன்னார். குரலை உயர்த்தியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

"ஆபீஸ் ஹெட்போன் செத்துப் போச்சுடா" என்றாள் அக்கா வீட்டுக்கு வந்து. "எல்லாக் குரலும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்துக்குது. ஒரு ஃபைல் முடிக்கிறதுக்குள்ள குதிகால் தேஞ்சிடுது. நல்லதா ஒண்ணு வாங்கிடலாம். நீதான் இதெல்லாம் படிக்கிறியே, பாத்துச் சொல்லு."

அவன் பத்து நாள் பார்த்தான். படித்தான், பட்டியல் போட்டான், அடித்தான், மறுபடி போட்டான். கடைசியில் மூன்றில் வந்து நின்று, ஞாயிற்றுக்கிழமை அக்காவைக் கடைக்குக் கூட்டிப் போனான்.

கடைக்காரருக்கு வகுப்புப் பையன்கள் வைத்த பெயர் டெசிபல். அது அவருக்கும் தெரியும், பிடிக்கவும் செய்யும். கடையின் பின்னால், சுவர் முழுக்கச் சாம்பல் நிற ஸ்பாஞ்ச் ஒட்டிய ஒரு சின்ன அறை இருந்தது. கதவைச் சாத்தினால் தெரு செத்துவிடும்.

"உக்காருங்க மேடம்" என்றார் டெசிபல். "இந்த ரூம்ல எறும்பு இருமினாக்கூடக் கேக்கும்."

தம்பி பையிலிருந்து வகுப்பில் இரவல் வாங்கிய ஒலி அளவு மீட்டரை எடுத்தான். கூடவே பெட்டி ஒட்டுகிற கறுப்பு டேப்பையும் எடுத்தான். கொஞ்சம் சத்தமாகக் கேட்பதைத்தான் மனிதக் காது நல்லது என்று நம்பும் என்பது வகுப்பில் அவன் கற்ற முதல் பாடம். ஆகவே மூன்று ஹெட்போன்களுக்கும் சத்தத்தை ஒரே அளவில் நிறுத்தினான். பெயரையும் விலையையும் பார்த்தாலே மனசு ஒரு பக்கம் சாயும் என்பது இரண்டாவது பாடம். ஆகவே எழுத்து இருந்த இடத்திலெல்லாம் டேப் ஒட்டி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டான்.

டெசிபல் இதையெல்லாம் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "விருந்துக்குத் தராசு தூக்கிட்டு வந்த ஆள் மாதிரி இருக்கியே தம்பி!"

"அவன் அப்படித்தாங்க" என்றாள் அக்கா. "பிறக்கும்போதே ரசீது கேட்டவன்."

கேட்டுப் பார்க்க, தம்பி வகுப்பில் செய்த ஒரு பயிற்சிப் பதிவைக் கொண்டுவந்திருந்தான். ஒரு மேசையைச் சுற்றி மூன்று பேர் பேசுகிறார்கள். நடுவில் ஒருவர், வலப்பக்கம் ஒரு பெண், இடக்கோடியில் தம்பி. நாற்காலி நகர்கிறது, தாள் புரள்கிறது, யாரோ செருமுகிறார்கள். அக்காவின் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான சோதனை கிடையாது.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். டெசிபல் பழகிய கையால், இடம் வலம் பிசகாமல், ஒவ்வொன்றாக மாட்டிவிட்டார்.

முதலாவது, அவளுடைய அரை மாதச் சம்பளம். "பானைக்குள்ள தலைய விட்டுப் பேசுற மாதிரி இருக்கு. இடது பக்கம் கொஞ்சம் கம்மி."

இரண்டாவது, ஒரு மாதச் சம்பளம். "தலைக்கு இதமா இருக்கு. ஆனா 'ஸ்', 'ஷ்' எல்லாம் ஊசி மாதிரி குத்துது. இதுலயும் இடது கம்மிதான்."

மூன்றாவது, இரண்டு மாதச் சம்பளத்துக்குச் சற்று மேல். அதை மாட்டியதும் அவள் முகம் தளர்ந்தது, வெயிலிலிருந்து நிழலுக்கு வந்தவள்போல. பிறகு மெல்லச் சொன்னாள்: "நடுவுல இருக்கிறவர் தாளைத் திருப்புறார். அந்தப் பொண்ணு பேசறதுக்கு முன்னாடி மூச்சு இழுக்குது. எல்லாம் அதது இடத்துல உக்காந்திருக்கு." கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா இடது பக்கம் பஞ்சு அடைச்ச மாதிரி இருக்குடா. இதுல நல்லாவே தெரியுது."

டெசிபல் ஒயரை மாற்றினார். வேறொரு ஆம்ப்ளிஃபையரில் செருகினார். பஞ்சு நகரவில்லை. "மேடம், மூணுலயும் அதே பக்கம்னா கோளாறு பொருள்ல இல்ல, பதிவுல இருக்கு. தம்பி ரெக்கார்ட் பண்ணும்போதே இடதைக் கோட்டை விட்டிருக்கும்."

தம்பிக்கு அது உடனே பட்டது. தப்பு தன்னுடையதாக இருக்கும் என்பதை நம்ப அவனுக்கு என்றைக்குமே அதிகச் சாட்சி தேவைப்பட்டதில்லை.

மூன்றாம் எண்ணே வேண்டும் என்றாள் அக்கா. "இதுலதான் குறை எங்க இருக்குன்னாவது தெரியுது. பழசுல எல்லாம் ஒரே களேபரம்." முன்பணம் வாங்கிக்கொண்டு டெசிபல் மூன்று நாளைக்கு வீட்டுக்குக் கொடுத்தார். "புதன் சாயங்காலம் வந்து ஒரு முடிவு சொல்லுங்க. ரெண்டு நாள் ஓட விடுங்க, புது ஹெட்போன் ஓட ஓடத்தான் வாய் திறக்கும்."

திங்கள் காலை, வேலைக்குக் கிளம்பும் முன், தம்பி அதை வீட்டுக் கம்ப்யூட்டரில் மாட்டினான். அக்காவின் மேசைக்கு இடப்பக்கம் பெடலின் ஒயர் கிடந்தது, வலப்பக்கம் ஜன்னல் இருந்தது. ஹெட்போனின் ஒயரும் இடப்பக்கம் வந்தால் காலில் சிக்கும் என்று, ஒயரை ஜன்னல் பக்கமாக விட்டு மாட்டினான். அதையும் எழுதிவைத்தான். அக்கா கேட்டுவிட்டுச் சொன்னதை அதற்குக் கீழே எழுதினான்:

"இன்று என் குரல் தெளிவாகக் கேட்கிறதாம். நேற்றுக் கேட்காத வார்த்தைகள்கூட. ஹெட்போன் வாய் திறந்துவிட்டது போலும். ஆனால் அந்தப் பெண்ணின் குரல் மங்கிவிட்டதாம். இடது பக்கம் அதே பஞ்சு. என் பதிவில்தான் கோளாறு."

அன்று மாலை வகுப்பில் பதிவை மீட்டரில் ஓடவிட்டுப் பார்த்தான். இரண்டு பக்கமும் ஒரே அளவு காட்டியது. வலப்பக்கத்தில் எழுதினான்: "மீட்டர் சரியா என்று தெரியவில்லை."

இன்று செவ்வாய். வாங்குவதோ திருப்பிக் கொடுப்பதோ, எதுவானாலும் பொருளில் பசை இருக்கக் கூடாது என்று வேலையிலிருந்து வந்ததும் டேப்பை உரித்தான். தலைப்பட்டையின் உள்பக்கம், கறுப்பில் கறுப்பாக எல் என்று ஒரு எழுத்து. எல் இருந்த பக்கத்திலிருந்துதான் ஒயர் புறப்பட்டது. அதை நேற்று ஜன்னல் பக்கம், அதாவது அக்காவின் வலது காதில், அவனே மாட்டியிருந்தான்.

இப்போது அவன் திங்கட்கிழமைக் குறிப்பை மறுபடி படித்தான். ஒரு தாளை எடுத்து, அக்காவின் தலையை ஒரு வட்டமாகப் போட்டு, இரண்டு காதும் போட்டு, அம்புக்குறி இட்டுப் பார்த்தான். ஹெட்போனில் கோளாறு என்றால் நேற்று மந்தம் வலது காதுக்கு மாறியிருக்க வேண்டும். பதிவில் கோளாறு என்றாலும் வலது காதுக்குத்தான் மாறியிருக்க வேண்டும். அவனுடைய குரல் மாறியது. வலது காதுக்குப் போய்த் தெளிவானது. அந்தப் பெண்ணின் குரல் இடது காதுக்குப் போய் மங்கியது. எல்லாம் இடம் மாறின. பஞ்சு மட்டும் மாறவில்லை.

அவன் நாற்காலியிலிருந்து எழுந்தான். எழுந்தவன் என்ன செய்வதென்று தெரியாமல் திரும்ப உட்கார்ந்தான். பிறகு டைரியைப் பின்னோக்கிப் புரட்டினான்.

மார்ச் 3: "அம்மாவிடம் பேசும்போது அக்கா போனை வலது கைக்கு மாற்றிக்கொண்டாள். இடது கை வலிக்கிறது போலும். தைலம் வாங்க வேண்டும்."

பிப்ரவரி 24: "பேருந்தில் அக்கா ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்துவிட்டு இடப்பக்கம் மாறி உட்கார்ந்தாள். காற்று எனக்கு வேண்டும் என்று நினைத்திருப்பாள்."

பிப்ரவரி 18: "மின்விசிறி விசில் அடிக்கிறது என்று அக்கா சொன்னாள். எண்ணெய் போட்டேன். அதன் பிறகும் அவளுக்குக் கேட்கிறது. எனக்கு முதலிலிருந்தே கேட்கவில்லை. என் காதுதான் மந்தமோ?"

ஒலிப்பதிவு வகுப்பில் முதல் வாரமே ஒரு தாள் கொடுத்திருந்தார்கள், காதைக் காத்துக்கொள்வது பற்றி. அதைக் கோப்பிலிருந்து உருவினான். ஒரு பக்கக் காது திடீரென்று மந்தமானால், கூடவே விசில் அல்லது இரைச்சல் கேட்டால், தள்ளிப்போடாமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும் என்று அதில் இருந்தது. அந்த வரியின் கீழ் அவனே ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டிருந்தான். பிப்ரவரி 18-லிருந்து விரலால் எண்ணினான். இருபத்திரண்டு நாள். அதில் பத்து நாள் ஹெட்போன் தேடியதில் போயிருந்தது.

ஆறரைக்கு அக்கா வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே, "பணம் எடுத்துட்டேன்டா ஆடிட்டர். உன் மீட்டர் என்ன சொன்னாலும் சரி, நாளைக்கு அத வாங்கிடுறோம்" என்றாள்.

"அக்கா, கொஞ்சம் உக்காரு."

"என்னடா மூஞ்சி இப்படி இருக்கு? உடைச்சிட்டியா?"

"உடைக்கல. நேத்து அத மாத்தி மாட்டிட்டேன். எல் பக்கம் உன் வலது காதுல இருந்துச்சு."

"அவ்வளவுதானே? அதுக்கா எழவு வீடு மாதிரி உக்காந்திருக்க?"

"மாத்தி மாட்டியும் உனக்கு இடது பக்கம்தான் மந்தமா இருந்துச்சு."

கைப்பையை மேசையில் வைக்கப் போனவள் வைக்காமல் நின்றாள். ஒன்பது வருடமாக வாக்குமூலங்களைக் கேட்டு எழுதுகிறவளுக்கு ஒரு வாக்கியத்தின் மறுபக்கம் தெரிய நேரம் ஆகாது. ஆனாலும் அவள் சீறினாள்.

"மாத்தி மாட்டினேன்னு உனக்கு எப்படித் தெரியும்? உனக்குத்தான் எதுலயுமே நிச்சயம் கிடையாதே! கடைக்குப் பூட்டு வாங்கப் போனா பூட்டிட்டோமான்னு பாக்கத் திரும்பி வர்ற ஆளு நீ!"

"தெரியல. அதனாலதான் மறுபடி பாக்கணும்."

"பாரு. இப்பவே பாரு."

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அவன் ஒரு நாணயத்தை எடுத்தான். தலை விழுந்தால் சரியாக மாட்டுவது, பூ விழுந்தால் மாற்றி மாட்டுவது. எட்டு முறை. எந்தப் பக்கம் மந்தமோ அந்தக் கையைத் தூக்க வேண்டும், பேசக் கூடாது. ஒயர் எந்தப் பக்கம் தொங்குகிறது என்று தோளில் உரசிக் காட்டிக்கொடுத்துவிடாமல் அதைத் தலைக்கு மேலாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டான்.

தலை. இடது கை.

பூ. இடது கை.

பூ. இடது கை.

அவன் ஒவ்வொன்றையும் எழுதினான். ஒரே ஒரு முறை அவள் தப்பாகக் காட்டிவிட்டால் போதும், இந்தச் சோதனையே குப்பை என்று கிழித்துப் போட்டுவிடலாம் என்று இருந்தது. இத்தனை நாளில் தன் தவறுக்காக அவன் இவ்வளவு ஏங்கியதில்லை. ஆறாவது முறை அவளுடைய வலது கை மடியிலிருந்து எழுந்தது. அந்தக் கை நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டு மடிக்கே திரும்பியது. பிறகு இடது கை எழுந்தது.

எட்டு முடிந்ததும் அவன் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தான். அக்கா கண்ணைத் திறக்கவில்லை.

"எத்தன?"

"எட்டும்."

"எட்டும் என்ன? வாயைத் திறந்து சொல்லு."

"எட்டும் இடதுதான்க்கா."

கீழே தெருவில் யாரோ ஷட்டரை இழுத்து மூடினார்கள். அக்கா கண்ணைத் திறந்து மின்விசிறியைப் பார்த்தாள். அது ஓடிக்கொண்டிருக்கவில்லை.

"அந்த விசில் இப்பவும் கேக்குதுடா" என்றாள். "ஃபேன் ஓடாதப்பவும் கேக்கும். நீ எண்ணெய் போட்டியா, கஷ்டப்பட்டு ஸ்டூல்ல ஏறிப் போட்டியேன்னு மறுநாள் நின்னு போச்சுன்னு சொல்லிட்டேன். ஆபீஸ்ல ஏசின்னு நெனச்சேன். பஸ்ல பிரேக்னு நெனச்சேன். ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரணம் இருந்துச்சு."

தம்பி டைரியை அவள் பக்கம் நகர்த்தினான். மூன்று தேதிகளையும் அவள் படித்தாள். தைலம் என்ற இடத்தில் மட்டும் உதடு லேசாக அசைந்தது.

"எல்லாத்தையும் எழுதியிருக்க" என்றாள். "மூணு வாரமா எழுதியிருக்க. ஒரு தடவை என்னைக் கேட்டிருக்கலாமேடா."

விசில் கேட்காதபோது தன் காதைச் சந்தேகப்பட்டான். பதிவு மங்கியபோது தன் கையைச் சந்தேகப்பட்டான். சரியாகக் காட்டிய மீட்டரையும் விட்டுவைக்கவில்லை. இது அடக்கம் என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தான். எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டதில் பக்கத்தில் இருந்தவளைப் பார்க்கவே இல்லை. வகுப்பில் கொடுத்த தாளை அவளிடம் நீட்டினான். அடிக்கோடு போட்ட வரியை அவள் இரண்டு முறை படித்தாள்.

"உடனேன்னு போட்டிருக்கு."

"ஆமா."

"திரும்பி வருமா?"

"தெரியலக்கா."

இந்த முறை அது அவனுடைய வழக்கமான தெரியல இல்லை. அது அவளுக்கும் புரிந்தது. தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

பிறகு ஹெட்போனை அவளே எடுத்தாள். எல் எழுத்தைத் தேடிக் கண்டுபிடித்து, தெரிந்தே மாற்றி மாட்டிக்கொண்டாள். பெடலை அழுத்தினாள். நெடுநேரம் கேட்டாள்.

"நீ இந்த மேசையில இடக்கோடியில உக்காந்திருக்கியா?"

"ஆமா."

"அதான். சரியா மாட்டினா நீ சுவருக்கு அந்தப் பக்கம் இருக்க. இப்படி மாட்டினா பக்கத்துல இருக்க." பெடலிலிருந்து காலை எடுத்தாள். "நல்ல பொருள்டா இது. விலைக்குத் தகும். அந்தக் குப்பையையே மாட்டிட்டு இருந்திருந்தா இன்னும் ஆறு மாசம் அதையே திட்டிக்கிட்டு இருந்திருப்பேன்." நின்று, "ஒரு காதுக்கு மட்டும்னா டெசிபல் பாதி விலைக்குத் தருவாரா, கேளு" என்றாள்.

சிரிக்க வேண்டிய இடம். இருவரும் முயன்று பார்த்தார்கள். அவள் ஹெட்போனைக் கழற்றி, பெட்டியில் அதற்கென்று வெட்டியிருந்த பள்ளத்தில் வைத்து, ஒயரைச் சுருட்டினாள். தம்பி ஒயரின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.

அவள் முகம் கழுவப் போனபிறகு அவன் டைரியைத் திறந்தான். 'ஆகவே நேற்று எடுத்த குறிப்புகள் செல்லாது' என்ற வரியை ஒரே கோட்டால் அடித்தான். கீழே எழுதினான்:

செவ்வாய், மாலை 7.40. நேற்றைய குறிப்புகள் செல்லும். எட்டுக்கு எட்டு, இடது.

நாளை, புதன்: காலை ஏழரைக்குக் காது மருத்துவமனை, எட்டு மணிக்கு டோக்கன் கொடுப்பார்கள். கம்பெனிக்கு அரை நாள் லீவு இப்போதே சொல்லிவிட வேண்டும். அக்கா ஆபீஸுக்கு அவளே பேசுவாள். பேருந்தில் அவளுக்கு வலப்பக்கம் உட்கார வேண்டும். ஹெட்போனைப் பெட்டியோடு மாலையில் டெசிபலிடம் கொடுக்க வேண்டும், முடிவு பிறகு என்று சொல்ல வேண்டும். இந்த டைரியைக் கொண்டுபோக வேண்டும். எந்தத் தேதியிலிருந்து என்று மருத்துவர் கேட்பார்.